தவமணியின் பின்னால் வந்த ஏரி

ஆடி பதினெட்டு அன்று மத்தியானம் தவமணி பனிமலைக்கு அடியில் கிடந்த ஒரு ஏரிக்கு மஞ்சள் கயிறு சாத்திச் சித்திரான்னம் படைத்தாள். மறுநாள் விடிந்து, அங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு கூடாரத்தில் நாங்கள் கண் விழித்தபோது, அந்த ஏரி அவள் தலைமாட்டுத் துணிச்சுவருக்கு வெளியே வந்து படுத்திருந்தது. முதலில் பார்த்தவர், முசிறியிலிருந்தே அரிசி மூட்டையும் அடுப்புமாக எங்களோடு வந்திருந்த சமையல்காரர் சீரங்கன். பல் விளக்கப் போனவர் வாயில் நுரையோடு திரும்பி வந்து, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி நம் கொல்லைக்குள் புகுந்துவிட்டதைச் சொல்கிற குரலில், "அக்கா, உங்க ஏரி வந்திருக்கு" என்றார். தவமணி போர்வையை விலக்கி எழுந்து, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, தனக்கும் வாசலுக்கும் நடுவே படுத்துக் கிடந்த என்னைத் தாண்டி வெளியே போனாள்.

நாங்கள் பதினொரு பேர், ஒரு வேன். முசிறி, தொட்டியம், குளித்தலை என்று காவிரியின் இரண்டு கரையிலிருந்தும் சேர்ந்தவர்கள். மணாலியில் ஏறி, கணவாய்களைத் தாண்டி லே வரைக்கும் போய், பாங்காங் ஏரியைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புவது திட்டம். திட்டம் போட்டவன் நான். எட்மண்டனில் இருபத்தொரு வருஷம் குழாய்களின் வரைபடம் போட்டுவிட்டுப் போன தையில்தான் ஊருக்குத் திரும்பியிருந்தேன். என் மனைவி தவமணி முசிறி தபால் ஆபீசில் கவுண்டரில் உட்காருகிறவள். அவளும் வேலையை விடவில்லை, நானும் வேலையை விடவில்லை, அப்படியே மகள் பிறந்து வளர்ந்து கல்லூரிக்கும் போய்விட்டாள். அங்கே விடுமுறை நாட்களில் நான் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போவேன். பனியாறுகள் உருகித் தேங்கிய ஏரிகளை, பாலில் மயில்துத்தம் கரைத்தாற்போன்ற அவற்றின் நிறத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவேன். அவள் "நல்லா இருக்கு" என்று பதில் போடுவாள். எத்தனை ஏரியோ அத்தனை "நல்லா இருக்கு". திரும்பி வந்த ஏழு மாதத்தில் நாங்கள் பால் யார் வாங்குவது, கரண்ட் பில் யார் கட்டுவது என்று பேசிக்கொண்டோம், ரேஷன் கடை வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவர்களைப் போல மரியாதையாக. அவள் என்மீது கோபப்பட்டிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். ஒரு பெரிய மலையின் முன்னால், ஒரு பெரிய தண்ணீரின் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினால் பக்கத்தில் நிற்கிற என்னிடம் ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பதினொரு பேரையும் கிளப்பினேன். சொல்லத்தான் சொன்னாள். என்னிடம் இல்லை.

பதினெட்டாம் பெருக்கு பயணத்தின் மூன்றாம் நாளில் வந்தது. வேனில் இருந்த ஐந்து பெண்களும் அதற்குத் தயாராகவே இருந்தார்கள். தொட்டியம் கோமளவல்லி அக்காவின் பையில் காதோலை கருகமணி, மஞ்சள், குங்குமம், காப்பரிசி, நூல் உருண்டை எல்லாம் சட்டைகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தன. ஆனால் காவிரி இல்லை. கணவாயைத் தாண்டியதும் கீழே பள்ளத்தில் ஒரு ஆறு தெரிந்தது. இறங்க வழியில்லாத பள்ளம். அப்போதுதான் எங்கள் ஓட்டுநர் நோர்பு, அந்த ஊர்க்காரர், சாலையோரம் அங்மோ என்ற பெண் நடத்துகிற கூடாரக் கடையில் வண்டியை நிறுத்தினார். கடைக்குப் பின்னால் ஒரு குழி, குழிக்குள் இந்த ஏரி, ஏரிக்கு மேலே அதைக் குனிந்து பார்த்தபடி ஒரு பனியாறு. பெயர்ப் பலகைகூட இல்லாத, நம்மூர்த் தெப்பக்குளம் நாலைச் சேர்த்தால் வருகிற அளவுள்ள ஏரி. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் தண்ணீர்தானே என்று முடிவாகிவிட்டது.

எதிர்த்தவர் கோமளவல்லி அக்காவின் கணவர் வையாபுரி அண்ணன் ஒருவர்தான். அவர் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர்; முப்பத்திரண்டு வருஷம் வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடி, தண்ணீர் எத்தனை அடி என்று அளவுக்கல்லைப் பார்த்துச் சொல்லியே வாழ்ந்தவர். "ஓடுற தண்ணிக்குத்தாம்மா குடுக்கணும், அது வாங்கிக்கிட்டுப் போயிரும். இது வெளிய போக மடையே இல்லாத ஏரி. இதுக்குக் குடுத்தா இது எங்க கொண்டுபோகும்?" என்று கேட்டார். அவர் மனைவி, ஆம்பிளைகள் டீ குடிக்கப் போகலாம் என்றாள்.

சீரங்கன் அந்த உயரத்தில் பாதிதான் வெந்த சோற்றில் எலுமிச்சையும் புளியும் தயிரும் கலந்து மூன்று விதமாகக் கொடுத்தார். பெண்கள் கரையில் மண்ணைக் குவித்துப் பொட்டு வைத்து, தங்கள் தங்கள் இலைத் துண்டுகளில் எல்லாவற்றையும் அடுக்கித் தண்ணீரில் விட்டார்கள். இலைகள் இரண்டடி போயின, திரும்பி வந்தன. மறுபடி தள்ளினார்கள், மறுபடி திரும்பின. எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பாத்திரத்தோடு நிற்கிற புது மருமகளைப் போல அந்தத் தண்ணீர் எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு நின்றது. மற்றவர்கள் சலித்துப் போய்ப் படம் எடுக்கப் போனார்கள். தவமணி மட்டும் குந்தி உட்கார்ந்து, தன் இலையை உள்ளங்கையால் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "வச்சுக்க" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

அதனால் ஏரி வந்ததில் வையாபுரி அண்ணனுக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. அதுக்கு இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் குடுத்திருக்க மாட்டாங்க, வாங்கிப் பழக்கமில்லாத தண்ணி, பின்னாலயே வருது என்று விளக்கம் சொல்லிவிட்டு, ஒரு கம்பில் கத்தியால் அடிக்கோடுகள் கீறிக் கரையோரம் ஊன்றி அளவு எடுத்தார். ஏழே முக்கால் அடி. கைபேசியில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அளவு எடுப்பது அவர் வேலையாயிற்று, ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அந்த மாதிரிக் களையைப் பார்த்ததில்லை என்று கோமளவல்லி அக்கா சொன்னாள்.

ஏரி எப்படி வந்தது என்று யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முயலவில்லை. வேன் முன்னால் போகும். சாலைக்கு ஒரு பக்கம் மண்ணும் மறுபக்கம் ஆகாயமுமாக மணிக்கணக்கில் போகும். எங்காவது இறங்கி நாங்கள் சுக்குக்காபி குடித்து முடித்து டம்ளரைக் கழுவத் தண்ணீர் தேடும்போது, ஏதாவது ஒரு பள்ளத்தில், வெகுநாளாய் அங்கேயே கிடப்பதுபோல் அது கிடக்கும். சராசரியாக நாலே முக்காலுக்கு வந்துவிடும். நோர்பு பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் துணியால் மூடிவிட்டார். வருவதைப் பார்த்தால் அதற்குக் கூச்சமாக இருக்கும் என்றார். ராணுவ லாரிகள் வரிசையாக எதிரே வந்தால் எங்களைத் தாண்டிய பிறகு கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்று, பின்னால் வருகிற ஏரிக்கும் வழிவிட்டுத்தான் நகரும். சீரங்கன் இரண்டாம் நாளே தண்ணீர்க் குடங்களை வண்டிக் கூரையிலிருந்து இறக்கிவிட்டார், இனி சுமப்பானேன் என்று. வேனில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்கும், ஏரி எந்தப் பக்கம் வருகிறது என்பதை வைத்து இருக்கைச் சண்டை வந்து, கடைசியில் காலையில் ஒரு பக்கம் மத்தியானம் ஒரு பக்கம் என்று தீர்மானமானது. லேயில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரர், பார்லி அறுத்துத் தரிசாய்க் கிடந்த தன் மேட்டுக் கொல்லையைக் காட்டி, பயிரில் படுக்க வேண்டாம் என்று மட்டும் அதனிடம் சொல்லச் சொன்னார், தவமணி சொன்னாள், ஏரி வரப்பைத் தாண்டாமல் மூன்று நாள் கிடந்தது. அக்கம்பக்கத்தார் பாத்திரங்களோடு வந்து போனார்கள்.

இவ்வளவு எளிதாக எல்லாரும் ஏற்றுக்கொண்டதில் எனக்குத்தான் இடம் இல்லாமல் போயிற்று.

ஏனென்றால் ஏரி வந்ததும் தவமணி போய் உட்கார்ந்துவிடுவாள். மேல்சட்டையின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கரையில் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துப் பேசுவாள். மெதுவாக, நிறுத்தாமல், கையை ஆட்டி ஆட்டி, சிலசமயம் சிரித்து, ஒரு நாள் அழுதும்கூட. வேனில் என் பக்கத்தில் ஏழு மணி நேரம் உட்கார்ந்து வந்தவள் அந்த ஏழு மணி நேரத்தில் என்னிடம் கேட்டது, "தண்ணி பாட்டில் உங்க பக்கம் இருக்கா?" என்பது ஒன்றுதான். அங்கே அவள் இருபத்தொரு வருஷத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருமுறை காற்று என் பக்கம் திரும்பியபோது "அன்னிக்கு ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட ஆள் கேட்டாங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது. எந்த ஆஸ்பத்திரி, யாருக்கு, எந்த வருஷம்? எனக்குத் தெரியாது. ஏரிக்குத் தெரியும்.

நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். நின்றுவிடுவதுகூடப் பரவாயில்லை, அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "என்னங்க, சாப்பாடு ரெடியா?" என்று கவுண்டரில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற குரலில் கேட்பாள், ஏரியும், நான் சொன்னால் நம்ப வேண்டும், தன் நிறத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பொறாமை வந்த மனிதனைப் பார்ப்பதைப்போல ஒரு பொழுதுபோக்கு வேனில் வேறு எதுவும் இல்லை. பெண்கள் எல்லாரும் ஏரியை அவள் என்றுதான் சொன்னார்கள், காவிரியைச் சொல்லிப் பழகிய வாய். சீரங்கன் மட்டும் எனக்காகவே அதை ஆணாக்கினார். நாலே முக்கால் ஆனதும் கரண்டியும் கையுமாக வந்து, "சார், உங்க பங்காளி வந்துட்டாரு" என்பார். இன்னிக்கு அவருக்கு ஒரு இலை சேர்த்துப் போடவா என்று கேட்பார். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு, நான் பார்த்த ஏரிகளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன்: கனடாவில் இதைவிடப் பத்து மடங்கு ஆழம், இதைவிட நூறு மடங்கு அகலம், அதன் பச்சைக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பச்சையா என்று. யாரும் மறுக்க மாட்டார்கள். வையாபுரி அண்ணன் ஒருநாள், "இருக்கட்டும் தம்பி, அதுல ஒண்ணாவது உங்க பின்னாடி வந்துச்சா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அளவுக் குறிப்பில் சேர்ப்பதற்குக் கேட்பதுபோல் கேட்டார்.

பொறாமை எனக்கு மட்டும் என்றும் சொல்ல முடியாது. கோமளவல்லி அக்காவும்தான் மஞ்சள் கயிறு போட்டாள், அவள் போட்ட காப்பரிசியில் எள்ளும் தேங்காய்ப்பல்லும்கூட இருந்தன. அப்படியிருந்தும் ஏரி ஏன் தவமணியின் பின்னால் வரவேண்டும் என்று அவளுக்கு ஆறவில்லை. லேயில் ஒரு காலை மற்ற மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டு போய் மறுபடி ஒருமுறை படைத்துப் பார்த்தார்கள். இலைகள் திரும்பி வந்தன. பாங்காங்கில் நடந்தது இன்னும் மோசம். எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் வரை நீண்டு கிடக்கிற அந்தப் பெரிய ஏரி ஒரு நாளில் எத்தனையோ நீலம் மாறும், அதைப் பார்க்கத்தான் மனிதர்கள் மோட்டார் சைக்கிளில் முதுகெலும்பு நொறுங்க வருகிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று நாலே முக்காலுக்கு எங்கள் ஏரி வந்து அதன் காலடியில் ஒரு துண்டு விரித்தாற்போல் படுத்தது, தவமணி பெரியதை ஒரு பார்வை பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சின்னதன் கரையில் போய் உட்கார்ந்தாள். அன்று முழுக்கப் பாங்காங் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. வந்திருந்தவர்கள் மேகம் என்றார்கள். ஆகாயத்தில் ஒரு பஞ்சு கூட இல்லை. அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இந்தப் பயணத்தில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான் என்று தோன்றியது.

திரும்பும் வழியில் கம்பின் கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின. ஏழே முக்கால் ஆறரை ஆயிற்று, ஆறரை ஐந்தேகால் ஆயிற்று. ஒவ்வொரு கணவாயிலும் அது எதையோ கொட்டிவிட்டு வந்துகொண்டிருந்தது. வையாபுரி அண்ணன் வேனில் அறிவிப்பதை நிறுத்திவிட்டார். தவமணியிடம் மட்டும் போய்க் காதருகே எண்ணைச் சொல்வார், டாக்டர் வெளியே வந்து உறவுக்காரர்களிடம் சொல்வதுபோல.

பெருக்கு கழிந்து ஒன்பதாம் நாள் அங்மோவின் கடைக்கே திரும்பி வந்தோம். மறுநாள் காலை கணவாயைத் தாண்டிக் கீழே இறங்கினால் மலைகள் முடிந்துவிடும். ஏரி எங்களுக்கு முன்பே வந்து தன் குழிக்குள் இறங்கியிருந்தது, குழியை நிரப்பப் போதாமல். அங்மோ எங்களோடு பேச மறுத்தாள். பிறகு நோர்புவின் மூலம் சொன்னாள்: ஏழு கோடையாக அதன் பக்கத்தில் கடை போடுகிறேன், அதன் தண்ணீரில்தான் என் ஆடுகள் வளர்ந்தன, ஒரு நாளாவது என் கூடாரத்து வாசல் வரைக்கும் அது எழுந்து வந்ததில்லை, உங்கள் ஊர்க்காரி ஒரு கைப்பிடிச் சோற்றுக்கு அதைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் மேலே காட்டினாள். பனியாறு நாங்கள் விட்டுப்போன இடத்தில் இல்லை. அதன் நுனி இருபது அடி கீழே இறங்கி வந்து, காலியாகக் கிடந்த குழிக்குள் நீண்டிருந்தது, தொட்டிலைத் தடவிப் பார்க்கிற கை மாதிரி. தினமும் காலையில் அது தன்னைப் பார்த்துக்கொள்வது இந்த ஏரியில்தானாம். ஒன்பது நாளாகப் பார்த்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் ராத்திரியெல்லாம் உறுமியதாம்.

எனக்குப் பனியாற்றின்மேல் பாசமே வந்துவிட்டது. எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. தவமணியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அவள் காதில் விழட்டும் என்று, பாவம், விட்டுட்டுப் போனா அது மட்டும் என்ன செய்யும் என்றேன்.

தவமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு மாதத்தில் முதல்முறையாக, அடுத்த ஆளைப் பார்ப்பதுபோல் இல்லாமல் பார்த்தாள்.

"எத்தனை நாளுங்க? ஒம்பது நாள். ஒம்பது நாளுக்கே பாவமா?"

அதற்கப்புறம் அவள் அங்மோவிடம் போனாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, இருந்தும் அரைமணி நேரம் பேசினார்கள். திரும்பி வந்து, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்: தான் நாளைக்கு வேனில் வரவில்லை. ஏரி இனி எங்கேயும் நகர்ந்தால் செத்துப்போகும், தான் கீழே இறங்கினால் அது நகராமல் இருக்காது. அதனால் தான் இங்கேயே இருந்துகொள்கிறாள். அங்மோ புரட்டாசி வரைக்கும் கடை நடத்துவாள், கூடமாட இருந்தால் போதும் என்றிருக்கிறாள். ஆபீசுக்கு மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள், அதை நான் முசிறியில் சேர்த்துவிட வேண்டும்.

புரட்டாசிக்கு அப்புறம் என்று யாரோ கேட்டார்கள். அவள் ரசம் ஊற்றிக்கொண்டாள். யாரும் தடுக்கவும் இல்லை. சீரங்கன் அவளுக்காக ஐந்து கிலோ பொன்னி அரிசியும் ஊறுகாய் பாட்டிலும் தனியே எடுத்து வைத்தார். கோமளவல்லி அக்கா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள், கொடுத்துவிட்டு, அதிர்ஷ்டக்காரி என்று முணுமுணுத்தாள். வையாபுரி அண்ணன் கம்பை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தார்கள். அவள் பை அங்மோவின் கூடாரத்துக்குப் போயிற்று. இருபத்தொரு வருஷம் நான் அவளை விட்டுவிட்டு இருந்தபோது எனக்குத் தோன்றாதது அப்போது தோன்றியது: விட்டுவிட்டுப் போவது இவ்வளவு எளிது, ஒரு பையை ஒரு கூடாரத்திலிருந்து இன்னொரு கூடாரத்துக்கு எடுத்து வைப்பதுதான்.

விடிவதற்குச் சற்று முன்னால், கூடாரத்துணி வெளுக்கத் தொடங்கியதும் எழுந்து ஏரிக்குப் போனேன். சொல்ல வேண்டியதைத் தயார் செய்து வைத்திருந்தேன், பொய்தான்: அவளுக்கு உன்னைப் பிடிக்கவில்லை, மரியாதைக்காகத்தான் பேசுகிறாள், ராத்திரியெல்லாம் என்னிடம் உன்னைச் சொல்லிச் சிரிக்கிறாள். மூன்று வாக்கியம். தொழிலே அப்படிப் பேசுவதாக இருந்தவனைப்போல நன்றாகவே தயார் செய்திருந்தேன். அது கேட்டுக்கொண்டு தானாகப் பனிக்குள் போய் ஒளிந்துகொள்ளும், அவள் வந்து வெறும் குழியைப் பார்ப்பாள், வேனில் ஏறுவாள்.

கல்லில் உட்கார்ந்தேன். தண்ணீர் அசையவில்லை. பனியாற்றின் நுனி அதன் ஒரு ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. எனக்கு முதல் வாக்கியம் வரவில்லை. அந்தத் தண்ணீரின் முன்னால் உட்கார்ந்தால்தான் தெரியும், அதற்கு வேறு வேலையே இல்லை. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று அது முன்கூட்டி முகத்தை மாற்றி வைத்துக்கொள்வதில்லை, உனக்கு அடுத்து யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை. நான் வாயைத் திறந்தேன், வேறு ஏதோ வந்தது.

ஒன்பதாவது வருஷம் மார்கழி மாதம் என்று ஆரம்பித்தேன். குளிர் முப்பத்தொன்று, பூஜ்யத்துக்குக் கீழே. கோட்டுப் பையில் வேலையை விடுகிறேன் என்று அச்செடுத்த கடிதம். அன்றைக்கு ஆபீசில் கொடுத்துவிட்டு ஊருக்கே வந்துவிடுவது என்று முடிவு. பஸ் நாற்பது நிமிஷம் வரவில்லை. நாற்பது நிமிஷமும் நின்றுகொண்டு நான் முசிறியில் என்னவாக இருப்பேன் என்று யோசித்தேன். தபால் ஆபீஸ் தவமணியின் புருஷனாக இருப்பேன், எல்லாருக்கும் என்னைத் தெரியும், ஏன் வந்துவிட்டான் என்று எல்லாரும் ஒரு காரணம் சொல்வார்கள். இங்கேயும் நான் யாருமில்லை, ஆனால் இங்கே அதைப் பார்க்க ஆளில்லை. பஸ் வந்தது. கதவு திறந்தது. ஓட்டுகிற பெண்மணி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டிவிட்டேன், ஏறவில்லை. அன்று சாயங்காலம் போன் போட்டு, கம்பெனியில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று தவமணியிடம் சொன்னேன். அவள் "பரவால்ல" என்றாள். கம்பெனியில் யாரையும் நான் கேட்கவே இல்லை. மீதிப் பன்னிரண்டு வருஷமும் அந்தப் பரவால்லயின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் தண்ணீரிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதும், வெயில் மலையுச்சியில் பட்டு இறங்கத் தொடங்கியிருந்தது என்பதும், ஏரி என் பக்கமாக ஒரு சாண் ஏறி வந்து என் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பதும் பின்னால் எவர்சில்வர் டம்ளர் கல்லில் இடிபட்ட சத்தம் கேட்டுத் திரும்பியபோதுதான் தெரிந்தது. தவமணி பத்தடி தள்ளி நின்றிருந்தாள். டீயில் ஆடை படிந்திருந்தது, வெகுநேரமாக நின்றிருக்கிறாள். அவள் முகத்தில் இருந்ததை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். ஒன்பது நாளாகச் சவரக் கண்ணாடியில் பார்த்து வருகிற முகம் அது. அவள் என் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தண்ணீரைப் பார்த்தாள்.

"இருபத்தொரு வருஷம் எங்கிட்ட சொல்லாததை, ஒம்பது நாள் பழகுன தண்ணிகிட்ட சொல்றீங்களா?"

நீ மட்டும் என்ன செய்தாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் சொன்னப்ப நீங்க இல்லைங்க. இருபத்தொரு வருஷமும் இல்லை. நீங்க சொல்றப்ப நான் இருந்தேன். இந்தா, பத்தடியில."

அப்புறம் அவள் ஏரியிடம் திரும்பினாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், ஏரியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், மேற்பரப்பு மொத்தமும் சிலிர்த்து நின்றது. அவள் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. டம்ளரிலிருந்த டீயைக் கல்லில் ஊற்றிவிட்டு, விறுவிறுவென்று அங்மோவின் கூடாரத்துக்குப் போய், பையை எடுத்துக்கொண்டு வந்து வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். கோமளவல்லி அக்கா கம்பளிச் சட்டையைத் திருப்பி வாங்கி மாட்டிக்கொண்டாள். சீரங்கன் ஐந்து கிலோ அரிசியை அங்மோவிடமே கொடுத்துவிட்டார். வையாபுரி அண்ணன் கம்பைப் பிடுங்குவதா விடுவதா என்று கொஞ்ச நேரம் கரையில் நின்றுவிட்டு, ஊன்றியபடியே விட்டுவிட்டு வந்தார். நோர்பு கண்ணாடித் துணிகளை அவிழ்த்தார்.

வண்டி கிளம்பியதும் நான் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் சாலை காய்ந்து கிடந்தது. அது வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம் இருந்தது, உடனே, அவள் சொன்னதெல்லாம் அதனோடு அங்கேயே இருக்கிறது, ஆஸ்பத்திரியும் கையெழுத்தும் எல்லாமும் ஐந்தேகால் அடித் தண்ணீருக்குள் அந்தக் குழியில் கிடக்கிறது, அதற்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமலே நான் முசிறிக்குப் போகிறேன் என்று வயிறு எரிந்தது.

கணவாயின் மேலே கொடிகள் படபடத்துக்கொண்டிருந்தன. அதைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. ஒரு கொண்டை ஊசி வளைவு, இரண்டு, மூன்று. தவமணி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் தோள் ஒவ்வொரு வளைவிலும் என்மேல் சாய்ந்து, ஒவ்வொரு வளைவு முடிந்ததும் விலகியது. நாலாவது வளைவில் முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"பஸ்ல ஏறலை. அப்புறம் எங்க போனீங்க?"

"எதிர்ல ஒரு கடை. அங்க போய் உட்கார்ந்தேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"சூப்பு. பருப்பு சூப்பு."

"நல்லா இருந்துச்சா?"

"உப்பே இல்ல."

வளைவு முடிந்தது. அவள் தோள் விலகவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க முகம் தெரியவில்லை, ஜன்னல் கண்ணாடியில் மலைதான் தெரிந்தது.

"ம்" என்றாள், கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற ம்.

நான் அதற்கடுத்ததைச் சொல்லத் தொடங்கினேன்.